27-ஆவது நிமிடத்தில் அணைந்த என்ஜின்: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டியும் புகாரும்

150 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் நான்கு ஸ்ட்ரோக் என்ஜின், கார்புரேட்டர். ஓட்டம் 41,000 கி.மீ. பேட்டரியில் இருந்து மின்சாரம் எடுக்கும் டிசி வகை சிடிஐ (பிளக்கில் தீப்பொறியை உரிய நேரத்தில் வரவைக்கும் மின்னணுப் பெட்டி). ஓட்டுபவர் ஒருவர்தான், வேலைக்குப் போக ஒருவழி 34 கி.மீ. தினமும் ஓட்டுகிறார்.

புகார் ஒற்றை வரியில் வந்தது: "நல்லா ஓடிட்டிருக்கும், திடீர்னு ஆஃப் ஆயிடும். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்துட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு அடிச்சா ஸ்டார்ட் ஆயிடும்." இந்த வரியின் இரண்டாம் பாதி, அதாவது மூடியைத் திறப்பது, பின்னால் வந்த குழப்பம் பாதிக்குக் காரணமாக இருந்தது.

மூன்று வாரத்தில் ஐந்து முறை நின்றிருக்கிறது. எல்லாமே வீட்டில் இருந்து கிளம்பி 20 நிமிடத்துக்குப் பிறகு. குறைந்த தூரம் ஓட்டும் விடுமுறை நாட்களில் ஒருமுறைகூட நிற்கவில்லை.

முதல் பட்டறை: பெட்ரோல் பக்கம் தேடல்

மூடியைத் திறந்தால் வண்டி கிளம்புகிறது என்று கேட்டதும் எந்த மெக்கானிக்குக்கும் முதலில் தோன்றுவது டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைப்பு. அந்த எண்ணத்தில் பிழை இல்லை. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். துளை அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி வரத்து குறையும், கடைசியில் நிற்கும். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்ற சத்தத்துடன் காற்று புகுந்து எல்லாம் சரியாகிவிடும்.

முதல் பட்டறையில் மூடியின் துளையைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தார்கள். பெட்ரோல் ஃபில்டரும் பிளக்கும் புதிதாகப் போட்டார்கள். கார்புரேட்டரை இறக்கி ஜெட்டுகளை ஊதி மாட்டினார்கள். பிறகு 3 கி.மீ. ஓட்டிப் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். இருபது நிமிடம் ஓடினால்தான் தலைகாட்டும் பழுதுக்கு ஐந்து நிமிட ஓட்டம் எதையும் நிரூபிக்காது. மூன்றாம் நாள் வண்டி மறுபடி நின்றது.

மூடியைத் திறக்கும்போது 'உஸ்' சத்தம் கேட்டதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் "இல்லை" என்றே வந்திருக்கும். ஓட்டியவர் மூடியைத் திறந்தது பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கத்தான். பார்த்துவிட்டுப் பத்து நிமிடம் ஓரமாக நின்று பிறகு கிக்கரை உதைத்திருக்கிறார். வண்டியைக் கிளப்பியது அந்தப் பத்து நிமிடம். பெயர் மட்டும் மூடிக்குப் போய்விட்டது.

இரண்டாம் பட்டறை: பழுது மின்சாரத்தில்தான், பிடித்த பாகம் வேறு

இரண்டாம் பட்டறையின் கணிப்பு உண்மைக்கு அருகில் வந்தது. சூடானால் அணைகிறது, ஆறினால் கிளம்புகிறது, ஆகவே சூட்டில் உள்ளே விட்டுப்போகும் ஏதோ ஒரு காயில் என்று நினைத்தார்கள். சந்தேகம், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் எச்.டி. காயில் மேல் விழுந்தது. டேங்கைக் கழற்றி எச்.டி. காயிலையும் பிளக் கேப்பையும் மாற்றினார்கள். பொறி விட வேண்டிய நேரத்தைச் சிடிஐக்குச் சைகையாகச் சொல்லும் பல்சர் காயிலையும் அளந்தார்கள். 204 ஓம் காட்டியது. சேவைக் கையேட்டில் இந்த வண்டிக்கு 180 முதல் 220 ஓம் என்று இருந்ததால் "நல்லா இருக்கு" என்று விட்டுவிட்டார்கள்.

அளந்தது, வண்டி இரவு முழுக்க நின்று குளிர்ந்திருந்த காலை நேரத்தில். சூட்டில் வரும் பழுதைக் குளிரில் அளந்தால், அளவு சரியாகத்தான் இருக்கும். வண்டி கிளம்பி ஓடுவதே அந்தக் காயில் குளிரில் வேலை செய்வதால்தானே. மறுநாளே பழைய கதை திரும்பியது.

மூன்றாம் பட்டறை: முதலில் கேள்விகள்

இங்கே முதல் அரைமணி நேரம் ஸ்பேனரைத் தொடவில்லை. ஓட்டியவரிடம் நான்கு விஷயங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

எப்படி அணைகிறது? சாவியைத் திருப்பி நிறுத்தியது போலவா, இழுவை குறைந்து திணறி நிற்கிறதா? "சாவியைத் திருப்பினது மாதிரி."

அணைந்த நொடியில் மீட்டர் விளக்கு, ஹார்ன், இண்டிகேட்டர் எரிகிறதா? "எல்லாம் எரியுது, ஹார்ன் அடிக்குது."

வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் என்ன செய்கிறது? "பொத்துனு பூஜ்யத்துக்கு விழுது."

நிற்பதற்கு முன் வேறு சத்தம் உண்டா? சற்று யோசித்தபின் வந்த பதில்: "போன வாரம் ரெண்டு மூணு தடவை, சீரா ஓடிட்டிருக்கும்போது ஒரு வெட்டு வெட்டி, சைலன்சர்ல 'பட்'னு வெடிச்சுது. அப்புறம் ஓடிடுச்சு."

இவற்றில் நான்காவது பதில்தான் விலைமதிப்பானது. தீப்பொறி ஒரு நொடி நின்று, கியரில் என்ஜின் சுழன்றுகொண்டே இருந்தால், கார்புரேட்டர் வழக்கம் போலப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். எரியாத கலவை சைலன்சரில் சேரும். தீப்பொறி திரும்பி வந்ததும் அது வெடிக்கும். பெட்ரோல் வரத்து நின்றிருந்தால் வெடிக்க அங்கே எதுவும் சேர்ந்திருக்காது. ஆக்சிலரேட்டரை விடும்போது மெலிந்த கலவையாலும் சிலசமயம் சைலன்சர் படபடக்கும், அது வேறு. இங்கே ஆக்சிலரேட்டரைப் பிடித்து ஒரே வேகத்தில் போகும்போது வெடித்திருக்கிறது.

முதல் பதிலும் பெட்ரோலுக்கு எதிராகவே பேசுகிறது. 60 கி.மீ. வேகத்தில் லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கும் வண்டி மணிக்கு ஏறக்குறைய 1.3 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 22 மி.லி. குடிக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃபிளோட் சேம்பரில் 30 மி.லி. இருந்தால், வரத்து முழுதாக அடைத்த பிறகும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டம் இருக்கும். மட்டம் இறங்க இறங்க இழுவை போகும், குலுங்கும், சோக்கை இழுத்தால் சற்று தேறும். சுவிட்சைத் தட்டியது போல அணையாது.

ஆர்பிஎம் முள் இன்னும் இடத்தைச் சுருக்கியது. இந்த வண்டியின் ஆர்பிஎம் மீட்டருக்குச் சிடிஐயில் இருந்துதான் சைகை போகிறது. சக்கரம் உருள, என்ஜின் சுழல, முள் மட்டும் விழுந்தால் சிடிஐ வேலை செய்வதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். எச்.டி. காயிலோ பிளக்கோ போயிருந்தால் சிடிஐ சைகை தந்துகொண்டே இருக்கும், முள்ளும் எழுந்தே நிற்கும்.

சிடிஐ நிற்க மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, அதற்கு வரும் 12 வோல்ட் போவது. இந்த வண்டியில் என்ஜினை அணைக்கும் கில் சுவிட்சும் சைடு ஸ்டாண்டு சுவிட்சும் அந்த வழியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. இக்னிஷன் சுவிட்சைத் தாண்டி இருப்பதால் இவை பழுதானால் மீட்டர் விளக்கு எரிந்துகொண்டே என்ஜின் மட்டும் அணையும். இரண்டு, பல்சர் காயிலின் சைகை போவது. மூன்று, சிடிஐ பெட்டியே சூட்டில் பழுதாவது.

சோதனைக்கு முன் தயாரிப்பு

பழுது உயிரோடு இருக்கும் நேரம் பத்து நிமிடம். அதற்குள் டேங்கைக் கழற்றி, வயர்களை இணைக்கும் கப்ளரைத் தேடி, மீட்டரை வைக்க முடியாது. ஆகவே வண்டி குளிர்ந்திருக்கும்போதே எல்லாவற்றையும் எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

டேங்கைக் கழற்றி வயரிங்கைப் பார்வையிட்டார்கள். இக்னிஷன் சுவிட்ச் கப்ளரைப் பிரித்து, சாவியைப் போட்டு எடுத்துத் தொடர்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்து மாட்டினார்கள். (இந்தச் சிறு வேலை பின்னால் மறுபடி வருகிறது.) சிடிஐக்கு வரும் 12 வோல்ட் வயரில் இருந்து ஒரு சிறு பல்பைக் கிளை எடுத்து, ஹேண்டில்பாரில் ஓட்டுபவர் கண்ணில் படுமாறு கட்டினார்கள். பல்சர் கப்ளரில் இருந்து இரு மெல்லிய வயர்களைக் கிளை எடுத்துப் பக்க மூடிக்கு வெளியே நீட்டி, முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி டேப் சுற்றினார்கள். தீப்பொறி சோதிக்க ஒரு பழைய பிளக், அதை என்ஜினில் இறுக்கமாக எர்த் செய்ய ஒரு கிளிப் வயர். சிடிஐ வண்டியில் பிளக் கேப்பை எர்த் இல்லாமல் அந்தரத்தில் விட்டுக் கிக்கரை உதைக்கக் கூடாது. மின்னழுத்தம் போக வழி தேடிக் காயிலின் உள் காப்பையோ சிடிஐயையோ துளைத்துவிடும். கையில் பிடித்தால் கைக்கே வரும்.

வாகன நெரிசல் இல்லாத சாலையில்தான் ஓட்டம். ஓட்டுபவருக்கு இரண்டு கட்டளைகள்: அணைந்ததும் பல்பை ஒரு நொடி பார்த்துவிட்டு கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டு; மூடியைத் திறக்காதே.

நின்ற பிறகு நடந்தவை

27-ஆவது நிமிடம் என்ஜின் அணைந்தது. ஹேண்டிலில் கட்டிய பல்ப் குறையாமல் எரிந்தது. அந்த ஒரு பார்வையில் கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், அவற்றின் வயர்கள் அத்தனையும் பட்டியலை விட்டுப் போயின.

29-ஆவது நிமிடம் கார்புரேட்டரின் வடிகால் திருகைத் தளர்த்தினார்கள். ஒரு பாட்டிலில் பெட்ரோல் தடையின்றி ஓடியது, சேம்பர் காலியான பிறகும் அதே வேகத்தில் வந்தது. டேங்க் மூடி இன்னும் திறக்கப்படவில்லை. பெட்ரோல் பாட்டிலை மூடித் தள்ளி வைத்துவிட்டு, சொட்டியதைத் துடைத்து உலரவிட்ட பிறகே தீப்பொறிச் சோதனைக்குப் போனார்கள்.

32-ஆவது நிமிடம்: கிக்கரில் பத்து உதை, சோதனைப் பிளக்கில் பொறி இல்லை. கிக்கர் லேசாகவும் இல்லை, இறுகியும் இல்லை. கம்பிரஷனும் வழக்கம் போலத்தான், என்ஜின் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளவும் இல்லை.

33-ஆவது நிமிடம்: சாவியை எடுத்து, பல்சர் கப்ளரைப் பிரித்து, காயில் பக்கம் மல்டிமீட்டரை வைத்தார்கள். ஓம் அளவு வரவே இல்லை. திறந்த சுற்று, அதாவது காயிலுக்குள் தொடர்பு விட்டுப்போயிருந்தது.

மீட்டரை எடுக்காமல் அப்படியே காத்திருந்தார்கள். 38-ஆவது நிமிடம் எண்கள் துடித்தன, ஒரு கணம் 251, மறுபடி ஒன்றுமில்லை, பிறகு 249 என்று நிலைத்தது. கப்ளரை மாட்டி உதைத்ததும் முதல் உதையிலேயே வண்டி கிளம்பியது. மூடி அப்போதும் திறக்கப்படவில்லை.

249 ஓம் கையேட்டின் 220-ஐத் தாண்டுகிறதே என்று சிலர் குழம்பலாம். கையேட்டு அளவு அறை வெப்பத்துக்கானது. செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். 30 டிகிரியில் 204 ஓம் காட்டும் காயில் 90 டிகிரியில் 250-ஐ ஒட்டித்தான் காட்ட வேண்டும். ஆகவே 249 பழுதில்லை. அதற்கு முந்தைய ஐந்து நிமிடம் எதுவுமே காட்டாததுதான் பழுது.

பாகத்தை மாற்றியது

இந்த வண்டியில் பல்சர் காயில் இடப்பக்க மேக்னட் கவருக்குள், என்ஜின் ஆயில் தெறிக்கும் இடத்தில் இருக்கிறது. நீண்ட ஓட்டத்தில் அந்த ஆயில் 100 டிகிரியை நெருங்கும். காயிலுக்குள் தலைமுடி போன்ற கம்பி. அது வெளி வயருடன் பற்றவைத்துச் சேரும் இடம்தான் பலவீனம். சூட்டில் விரியும்போது விரிசல் பிரிகிறது, ஆறும்போது ஒட்டிக்கொள்கிறது.

ஆயிலை வடித்து, கவரின் போல்ட்டுகளை நீளவாரியாக அட்டையில் குத்தி வைத்துக் கழற்றினார்கள். காந்தம் கவரைத் திரும்ப இழுக்கும், விரல் நசுங்கும். நேராக, இரு கையாலும் இழுக்க வேண்டும். கழற்றிய காயிலை மேசையில் வைத்து ஹீட் கன்னால் மெதுவாகச் சூடாக்கினார்கள். நன்றாகச் சூடேறியதும் தொடர்பு விட்டது, ஆறவிட்டதும் வந்தது. மூன்று முறையும் அப்படியே.

புதிய காயிலைப் பொருத்தும்போது ரோட்டரின் மேட்டுக்கும் காயிலின் முனைக்கும் இடையே கையேட்டில் சொன்ன இடைவெளி இருக்கிறதா என்று பித்தளை ஃபீலர் கேஜால் பார்த்தார்கள். எஃகு கேஜ் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு தவறான உணர்வைத் தரும். வயர் வெளியே வரும் ரப்பர் குரோமெட்டில் கொஞ்சம் சீலன்ட், புதிய கேஸ்கட், கவரின் 6 மி.மீ. போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு, புதிய ஆயில்.

சோதனை ஓட்டம் இரு நாட்கள், தலா 50 நிமிடம், பழைய வேகத்திலும் பழைய சுமையிலும். நிற்கவில்லை, வெடிக்கவும் இல்லை.

பன்னிரண்டாம் நாள்

வண்டி மறுபடி நின்றது. ஓட்டியவர் போனில் "அதே பிரச்சினைதான்" என்றார். பட்டறையிலும் முதலில் புதிய காயிலைத்தான் சந்தேகித்தார்கள். ஆனால் பழைய நான்கு கேள்விகளைத் திரும்பக் கேட்டபோது பதில்கள் வேறாக வந்தன. வண்டி கிளம்பி ஆறே நிமிடம். மெதுவாக வலப்பக்கம் யு-டர்ன் எடுக்கும்போது அணைந்தது. மீட்டர் இருண்டது, ஹார்ன் இல்லை. ஹேண்டிலை நேராக்கியதும் எல்லாம் வந்துவிட்டது.

அதே புகார், வேறு பழுது. எல்லா மின்சாரமும் ஒன்றாகப் போவதால் இக்னிஷன் சுவிட்ச் வழியில்தான் தேட வேண்டும். ஹேண்டிலின் அசைவில் வருவதால் ஸ்டீயரிங் தலைப்பக்கத்தில். சாவியைப் போட்டு ஹேண்டிலை முழுக்க வலப்பக்கம் திருப்பி, டேங்குக்கு முன்னால் இருந்த கப்ளரை விரலால் ஆட்டியதும் மீட்டர் அணைந்து அணைந்து எரிந்தது. கப்ளரின் பூட்டு 'கிளிக்' ஆகாமல் பாதியில் நின்றிருந்தது. உள்ளே ஒரு பின் தன் இடத்தை விட்டுப் பின்னுக்குத் தள்ளப்பட்டுக் கருகியிருந்தது. சோதனைக்காக இந்தப் பட்டறையிலேயே பிரித்து மாட்டிய அதே கப்ளர். வேலைப் பதிவேட்டில் பிரித்தது எழுதப்பட்டிருந்தது, இழுத்துப் பார்த்ததாக எழுதப்படவில்லை.

முதல் பழுதைவிட இது ஆபத்தானது. வேகம் குறைந்த வளைவில் என்ஜின் அணைந்தால் வண்டி பக்கவாட்டில் சரிய அதிக நேரம் எடுக்காது. இரவாக இருந்தால் முகப்பு விளக்கும் சேர்ந்து போகும்.

கருகிய பின்னை வெட்டிப் புதிய பின் கிரிம்ப் செய்து, அதன் நாக்கு ஹவுசிங்கில் மாட்டும் வரை தள்ளி, வயரை இழுத்து உறுதி செய்தார்கள். ஹேண்டில் முழுக்கத் திரும்பினாலும் வயர் இழுபடாத அளவு தளர்வு விட்டுக் கட்டினார்கள். முகப்பு விளக்கைப் போட்டு, பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் சிடிஐயின் 12 வோல்ட் வயருக்கும் இடையே மின்னழுத்த இழப்பை அளந்தார்கள்: பழைய பின்னோடு 1.4 வோல்ட், புதிய பின்னோடு 0.3.

அதன்பின் மூன்று மாதம், 4,300 கி.மீ. ஓடியிருக்கிறது. நிற்கவில்லை. இந்த இரண்டாம் பழுதுக்குப் பட்டறை கூலி வாங்கவில்லை.

பட்டறை மாற்றிக்கொண்டவை

நான்கு கேள்விகளும் வேலை அட்டையிலேயே அச்சிடப்பட்டுவிட்டன. 'உஸ்' சத்தம் பற்றிய ஐந்தாவது கேள்வியும் சேர்ந்தது. ஓட்டியவர் என்ன செய்தார் என்பதும் பிறகு என்ன ஆனது என்பதும் இனி தனித்தனிக் கட்டங்களில் எழுதப்படுகின்றன. ஒன்றால்தான் மற்றொன்று ஆனது என்று ஓட்டியவர் சொன்னாலும்.

சூட்டில் வரும் பழுது என்றால், குளிரில் எடுத்த ஓம் அளவை அட்டையில் எழுதும்போது பக்கத்தில் 'குளிர்' என்றும் எழுத வேண்டும். அந்த அளவு மோசமாக இருந்தால் பாகத்தை ஒதுக்கலாம். நன்றாக இருந்தால் அதை வைத்து பாகத்தை நல்லது என்று முடிவு கட்டக் கூடாது.

பிரித்த கப்ளர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ண டேப் கட்டப்படுகிறது. மாட்டி, இழுத்துப் பார்த்து, ஹேண்டிலை இருபக்கமும் திருப்பிப் பார்த்த பிறகே டேப்பை அவிழ்க்கலாம். டேங்க் மேலே ஏறும்போது ஒரு டேப்பும் மிச்சம் இருக்கக் கூடாது.

பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கு இந்தக் கேள்விகள் அப்படியே பொருந்தாது என்றும் அட்டையின் அடியில் குறிப்பு உண்டு. அங்கே கிராங்க் சென்சார் சூட்டில் விட்டுப்போனால் கன்ட்ரோல் யூனிட் தீப்பொறியையும் பெட்ரோல் தெளிப்பையும் ஒன்றாகவே நிறுத்திவிடும். சைலன்சரில் 'பட்' சத்தம் கேட்காமலே போகலாம். அதனால் சத்தம் இல்லை என்பதை வைத்துப் பெட்ரோல் பழுது என்று முடிவு செய்யக் கூடாது.

இரண்டாம் பட்டறையில் கழற்றிய பழைய எச்.டி. காயிலை ஓட்டியவர் ஒரு பையில் வைத்திருந்தார். அதையும் அதே ஹீட் கன்னில் சூடாக்கி அளந்து, வண்டியில் மாட்டி 50 நிமிடம் ஓட்டிப் பார்த்தார்கள். குறை எதுவும் இல்லை. இப்போது அது உதிரியாக அவர் வீட்டில் இருக்கிறது.